ஓட்டை அண்டாவில் இருந்த ஊர்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில், பழைய பாத்திரத்தை எடைக்கு வாங்கும் ஒரு கடையில், தராசுக்கு இடப்பக்கம் ஒரு பித்தளை அண்டா இருந்தது. அடியில் கை நுழையும் அளவுக்குப் பிளவு. என்றைக்கோ உருக்கப் போக வேண்டிய அண்டா. போகும்வரை சும்மா கிடக்க வேண்டாமே என்று பிளவின்மேல் சாக்குத் துண்டை விரித்து, அதற்குள் செல்லாக்காசு போட்டு வைத்திருந்தார்கள். எல்லாம் செம்பில் அடித்த காசுகள். ராணி தலை போட்டவை, யானை போட்டவை, எழுத்து மழுங்கியவை, எது பூ எது தலை என்று தெரியாமல் வெறும் வில்லையாகத் தேய்ந்தவை. ஒரு பிடி அள்ளினால் ஈர மணலை அள்ளியதுபோல் கனக்கும். விரலில் ஏறிய வாசம், எங்கள் ஊர் ராசிபுரம் வந்து சேர்ந்து சோற்றில் கை வைக்கும்வரை போகாது.

அந்த அண்டா இப்போது இல்லை. அதுபோல் ஒரு கூடையோ எண்ணெய் டின்னோ நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும்கூட என் கண்ணில் பட்டு வருடங்கள் ஆகின்றன. பழைய செப்புக்காசு இன்றும் விலைக்குக் கிடைக்கிறது, முன்னைவிட அதிகமாகவே கிடைக்கிறது. செத்துப்போனது எடைக்கு விற்ற அந்தக் குவியல். அதற்குத்தான் இந்த இரங்கல்.

நான் அதை முதலில் பார்த்தது 1978இல். பன்னிரண்டு வயது. அப்பா தறிக்காரர். பாவு நூல் வாங்கச் சேலம் போகும்போது சில நாள் என்னையும் கூட்டிப்போவார். நூல் கடையில் பேரம் முடிய இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை தெரிந்தவர் கடை என்று பாத்திரக்கடைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டுப் போவார். பொழுது போகாமல் அண்டாவுக்குள் கையை விட்டேன்.

"ஏன் கண்ணு, அதுல என்ன தேடற?" என்றார் கடைக்காரர்.

"ஆனை போட்ட காசுங்க ஐயா."

"எடுத்துக்க சாமி. ஆனைக்கும் அதே எடைதான், ராணிக்கும் அதே எடைதான்."

அன்றைக்கு நான் எடுத்தது ஏழு காசு. தராசில் வைத்தார், செம்பு விலை போட்டார், அப்பா திரும்பி வந்ததும் சில்லறை கொடுத்துத் தீர்த்தார். ஏழும் யானை. பிறகு அந்தக் கடைக்குப் பத்து வருடம் போனேன்.

வெள்ளைக்காரன் காலத்துக் காலணா ஒன்று 100 கிரெயின் எடை, அதாவது ஏறக்குறைய ஆறரை கிராம். 1835இலிருந்து 1905 வரை அந்த எடை மாறவில்லை. 1906இல் செம்பை விட்டு வெண்கலத்துக்கு மாறியபோது 75 கிரெயினாக இளைத்தது. ஆக, தேயாத பழைய காலணா ஒரு கிலோவுக்கு 154 நிற்கும். கடைக்காரர் கணக்கில் அது ஒரு கிலோ செம்பு. 64 காலணா ஒரு ரூபாய் என்ற கணக்கு 1957 ஏப்ரல் 1இல் நயா பைசா வந்ததோடு படிப்படியாக ஓய்ந்துவிட்டது. அதற்கு முன்பே செத்துப்போன காசுகளும் இதே அண்டாவில்தான் கிடந்தன. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சோழன் காசும் பாட்டி வெற்றிலை வாங்கிய காலணாவும் ஒரே விலைக்குப் போன இடம் அது. படிக்கிற பையனுக்கு, கையில் காசில்லாதவனுக்கு, சரித்திரம் அந்த விலைக்குக் கிடைத்தது. என் தலைமுறையில் இந்தப் பக்கம் காசு சேர்த்தவர்கள் பலர் அந்த மாதிரி ஒரு குவியலிலிருந்துதான் கிளம்பினோம்.

ஆனால் நான் அந்த அண்டாவை நினைத்து வருந்துவது விலை மலிவுக்காக இல்லை. கடைக்காரர் ஒரு கேள்வி கேட்பார். யார் எதைக் கொண்டுவந்து போட்டாலும், தராசைத் தொடும் முன்னால், "எந்தூருங்க?" என்பார். பதிலைச் சிட்டையில் எழுதுவார்: ஊர், உலோகம், எடை. கோயில் மணியோ விளக்கோ களவு போனால் போலீஸ் முதலில் வந்து நிற்பது பழைய பாத்திரக் கடையில்தான். ஊர் எழுதி வைத்தால் அவருக்கு நிம்மதி. அதே பயத்தில், ஒருவர் கொண்டுவந்த காசை உடனே அண்டாவில் கொட்ட மாட்டார். துணியில் முடிந்து, ஊர்பேர் எழுதிய சீட்டை உள்ளே வைத்து, ஒரு மாதம் போல ஆணியில் தொங்கவிடுவார். வெண்ணந்தூர், தம்மம்பட்டி, ஆட்டையாம்பட்டி, பரமத்தி, மோகனூர் என்று சுவர் முழுக்க முடிச்சுகள். அப்போது நாமக்கல் தனி மாவட்டம் இல்லை. 1997 ஜனவரி 1 வரை எல்லாம் சேலம் ஜில்லாதான். கொல்லிமலை அடிவாரத்திலிருந்தும் காவிரிக்கரையிலிருந்தும் பழைய செம்பு, பித்தளையோடு பஸ் ஏறியவர்கள் செவ்வாய்ப்பேட்டையில்தான் வந்து இறங்கினார்கள்.

சங்க காலத்தில் காசை நோட்டம் பார்ப்பவருக்கு வண்ணக்கன் என்று பெயர். வடம வண்ணக்கன் தாமோதரனார் என்று ஒரு புலவர் பெயரிலேயே அந்தத் தொழில் ஒட்டியிருக்கிறது. எங்கள் கடைக்காரருக்கு நாணயவியல் தெரியாது. ராஜராஜன் காசை மனுசன் காசு என்பார். ஆனால் ஒரு காசைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியை அவர்தான் கேட்டார். படித்தவர்கள் பலர் அதைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

காசு எங்கிருந்து வந்தது என்றால், வீடுகளிலிருந்து. பழைய வீட்டை இடிக்கும்போது நிலைவாசலுக்கு அடியில் கிடைக்கும். நிலை வைக்கும் அன்று காசு போடுவது வழக்கம். கிணறு தூர் வாரும்போது சேற்றோடு வரும். மழைக்குப் பின் உழுத காட்டில் பச்சை நிறத்தில் தலை காட்டும். பாட்டி செத்த பிறகு டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தால், மஞ்சள் துணியில் முடிந்த காலணா விழும்; என்றைக்கோ யாருக்கோ காய்ச்சல் கண்டபோது குலதெய்வத்துக்கு முடிந்து வைத்து, செலுத்த மறந்தது. 1943இலிருந்து நாலைந்து வருடம் அடித்த ஓட்டைக் காலணா மட்டும் எங்கள் பக்கம் அண்டாவுக்கு அதிகம் வரவில்லை. லாரி பட்டறைக்காரர்கள் அதை வாஷராகப் போட்டு முறுக்கித் தீர்த்துவிட்டார்கள்.

காசு தனியாகவும் வரவில்லை. தவலையும் குண்டானும் செப்புக்குடமும் வந்தபோது கூடவே வந்தது. எவர்சில்வர் வீட்டுக்குள் நுழைந்த காலம் அது. புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், ஈயம் பூச வேண்டாம், பளபளப்பு போகாது. பெண்களின் முதுகு பிழைத்தது. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கஞ்சமலைப் பக்கம் சேலம் உருக்காலை 1981இல் எவர்சில்வர் தகடு தயாரிக்கத் தொடங்கிய பிறகு, சேலம் என்ற பெயரே பாத்திரக்கடைகளில் எவர்சில்வரின் முத்திரையாகிவிட்டது. தலைமுறை தலைமுறையாகச் சீராக வந்த செம்பு, எடைக்கு எடை போட்டுப் புதுப் பாத்திரமாக மாறிற்று. அதன் அடியில் கிடந்த காசும் சேர்ந்து வெளியேறியது. பின்னாளில் அதே உருக்காலையில் நாணயச் சாலைகளுக்கு வேண்டிய காசு வில்லைகளை வெட்டித் தரும் பிரிவும் வந்தது. செம்பை அடுக்களையிலிருந்து அனுப்பிய உலோகமே சட்டைப்பைக்குள்ளும் வந்து உட்கார்ந்தது. அந்தப் புதுக் காசிலும் சிறியவை நிற்கவில்லை. 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30இல் செல்லாக்காசாயின.

ஆகவே அந்தக் குவியல் ஒரு வெள்ளத்தில் ஒதுங்கியது. இருபது, இருபத்தைந்து வருடம் வீடுகள் செம்பைக் கொட்டின. கொட்டித் தீர்ந்ததும் வரத்து நின்றது. யாரும் அதைக் கொல்லவில்லை. ஆனால் கொட்டிக்கொண்டிருந்த காலத்தில் நாங்கள் ஒழுங்காகப் பார்த்திருக்கலாம்.

பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கு, அந்த முடிச்சுகளில் அடிக்கடி வந்தவற்றைச் சொல்கிறேன். ராஜராஜன் காசு ஏராளம். ஒரு பக்கம் நிற்கும் மனிதன், மறு பக்கம் உட்கார்ந்த மனிதன், பக்கத்தில் நாகரி எழுத்தில் அவன் பெயர். தமிழ் மன்னன், எழுத்து நாகரி. கோட்டுச் சித்திரம்போல் கை, கால், முகம் எல்லாம் குச்சி குச்சியாக இருக்கும். தமிழ்நாடு முழுதும் கிடைக்கிறது, ஈழத்திலும் ஏராளமாகக் கிடைக்கிறது. பின்வந்த சிங்கள அரசர்கள், பராக்கிரமபாகு உட்பட, அந்த உருவத்தையே பார்த்துத் தங்கள் காசை அடித்தார்கள். வெண்ணந்தூர்ச் சம்சாரி உழுதெடுத்த காசும் பொலன்னறுவையில் கிடைத்த காசும் அண்ணன் தம்பிபோல் இருக்கும். எனக்கு அதைவிடப் பெரிய பாடம் பள்ளிக்கூடத்தில் கிடைக்கவில்லை.

அடுத்து விசயநகர, நாயக்கர் காசுகள். சிறியவை, கட்டியானவை, சாமி உருவமும் மாடும் யானையும் போட்டவை. தாரமங்கலம் கோயிலைக் கட்டிய கெட்டி முதலிகள் மதுரை நாயக்கர்களுக்குக் கீழ் இந்தப் பக்கத்தை ஆண்ட காலத்தில் சந்தையில் கை மாறியவை இவைதான். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் மைசூர் இறங்கி வந்தது. அத்தோடு காசும் மாறியது. ஒரு பக்கம் யானை, அதன் மேல் கன்னட எண். மறு பக்கம் குறுக்கும் நெடுக்கும் இரட்டைக் கோடு. அப்புறம் ஐதர், திப்பு.

திப்புவின் ஆனைக்காசுதான் எங்கள் அண்டாவின் ராசா. யானை சில காசில் இடப்பக்கம் பார்க்கும், சிலதில் வலப்பக்கம், சிலதில் துதிக்கையைத் தூக்கும், சிலதில் கொடி பிடிக்கும். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மட்டுமல்ல, அவன் ஆட்சி சென்ற இடமெல்லாம் அக்கசாலை வைத்தான். ஊர்களுக்குப் புதுப் பெயரும் வைத்தான். நமக்குப் பக்கத்துச் சத்தியமங்கலம் காசில் சலாமாபாத், திண்டுக்கல் காலிகாபாத். பிறகு ஆண்டுக் கணக்கையும் மாற்றினான். மௌலூதி என்ற அந்தப் புதுக் கணக்கில் எண்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 1215 என்பது 5121 என்று நிற்கும். அது தெரியாமல் ஒரு வருடம் முழுக்கக் குழம்பினேன். காசுகளுக்கும் பெயர் உண்டு: ஜொஹ்ரா, பஹ்ராம், அக்தர், குத்ப். எல்லாம் வானத்துப் பெயர்கள். பஹ்ராம் என்றால் செவ்வாய்க் கிரகம். செவ்வாய்ச் சந்தையால் பெயர் பெற்ற பேட்டையில் உட்கார்ந்து செவ்வாய் என்ற காசை எடைக்கு வாங்கியிருக்கிறேன் என்று பல வருடம் கழித்துத் தெரிந்தபோது, அந்தத் திண்ணைக்கு ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அப்போது சொல்வதற்கு ஆள் இல்லை.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. சேலமும் பாராமகாலும் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போயின. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ் தாமஸ் மன்றோவும் வந்து நிலத்தை அளந்தார்கள். கொடி மாறிய அன்றே காசு மாறிவிடாது. கம்பெனி ஆளத் தொடங்கிய பிறகும் சந்தையில் ஆனைக்காசு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரே வீட்டு நிலைவாசல் அடியில் திப்பு காசும் 1803 கம்பெனிக் காசும் சேர்ந்து கிடந்ததாக ஒருவர் அந்தக் கடையில் சொல்லக் கேட்டேன். புத்தகத்தில் ஒரு ஆட்சி முடிந்து அடுத்தது தொடங்கும். முடிச்சில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்.

அந்த 1803 காசுக்கு ஒரு தனிக் கதை. ஒரு பக்கம் சிங்கம் தாங்கிய கம்பெனி முத்திரை, மறு பக்கம் பாரசீக எழுத்து, கீழே 'XX' என்ற ரோமன் எண்ணோடு 'கேஷ்'. நம் காசு என்ற சொல்தான் போர்த்துக்கீசியர் வாய்வழி போய் கேஷ் ஆகித் திரும்பி வந்தது. அடித்த இடம் பர்மிங்காமுக்குப் பக்கத்து சோஹோ. மாத்யூ போல்டனின் நீராவிப் பட்டறை. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்ற சென்னைக் கணக்குக்காக இங்கிலாந்தில் நீராவியால் அடித்து, கப்பலில் ஏற்றி, மாட்டு வண்டியில் சேலத்துக்கு வந்த காசு. 1808ஆம் ஆண்டுக் காசில் ஒரு பெருஞ்சரக்கு வந்து சேரவே இல்லை. அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரக் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் லட்சக்கணக்கில் அந்தக் காசை மேலே எடுத்தார்கள். அதே வருடங்களில், பத்திரமாகக் கரை சேர்ந்து நூற்றெழுபது வருடம் நம்மிடம் இருந்த அதன் உடன்பிறப்புகள் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து மூட்டை கட்டி உலைக்குப் போயின. கடலில் மூழ்கியது பிழைத்தது, கரை ஏறியது உருகியது.

அதே போல்டன் பட்டறைதான் அமெரிக்க நாணயச் சாலைக்கும் செப்பு வில்லைகள் விற்றது. அங்கே 1793இல் தொடங்கிய பெரிய செப்பு சென்ட்டை 1857இல் நிறுத்தினார்கள். நிறுத்திய கையோடு ஜனங்கள் அதைச் சேர்க்கத் தொடங்கினார்கள். அந்த நாட்டில் காசு சேர்க்கும் பழக்கம் பரவியதே அந்த இழப்பில்தான் என்பார்கள். 1949இல் வில்லியம் ஷெல்டன் 1793 முதல் 1814 வரையிலான சென்ட்டுகளை அச்சு அச்சாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துப் புத்தகம் போட்டார். எந்த அச்சு எப்போது விரிந்தது, எந்த முன்பக்கம் எந்தப் பின்பக்கத்தோடு சேர்ந்தது என்பது வரை கணக்கு உண்டு. நமக்குச் சரியாக நூறு வருடம் கழித்து, 1957இல், அந்த மாற்றம் வந்தது. நம் குவியல் அதைவிட ஆயிரத்தைந்நூறு வருடம் ஆழமானது. அதற்கு யாரும் எண் கொடுக்கவில்லை என்பதில்கூட எனக்கு வருத்தம் குறைவு. ஊர்பேர் போயிற்றே என்பதுதான் ஆறவில்லை.

ஊர்பேர் ஏன் முக்கியம் என்பதற்குத் தொலைவு போக வேண்டாம், காவிரியைத் தாண்டினால் போதும். கரூரில் அமராவதி ஆற்று மணலை அரித்துப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் சல்லடையில்தான் சேரர்களின் வில்லும் அம்பும் போட்ட செப்புக்காசு வந்தது. ரோமானியரின் சின்னஞ்சிறு காசுகளும் கிரேக்கத் தீவுகளின் காசும்கூட வந்தன. மதுரையில் கிடைத்த ஒரு செப்புக்காசில் தமிழ் பிராமியில் 'பெருவழுதி' என்று எழுதியிருப்பதை 1980களில் அடையாளம் கண்டவர் அன்றைய தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி. சங்க கால மன்னர்கள் தம் பெயரில் காசு அடித்தார்களா என்ற சந்தேகத்தை உடைத்த காசு அது. கரூர் ஆற்றுக் காசுகளையும் அவர் தேடித் தேடிப் படித்து எழுதினார். 'மாக்கோதை' என்று பெயர் பொறித்த வெள்ளிக்காசும், 'கொல்லிப்புறை' என்று எழுத்துள்ள சேரர் காசும் அந்த ஆறு கொடுத்தவை. கொல்லி! வல்வில் ஓரியின் மலை, காரி அவனைக் கொன்று சேரனுக்குக் கொடுத்த மலை, ராசிபுரத்தில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து தெரிகிற மலை. அந்த எழுத்தை எங்கள் மலையோடு சேர்த்துப் படிப்பதற்குத் துணிவு எங்கிருந்து வருகிறது? காசு கரூரில் கிடைத்தது என்று தெரிவதால் வருகிறது. கரூருக்குப் பக்கத்துப் புகலூர்க் குன்றில் சேரர் இரும்பொறைகளின் மூன்று தலைமுறைப் பெயர் கல்லில் இருப்பதால் வருகிறது. ஊர் தெரியாமல் ஒரு விற்பனைப் பட்டியலில் அதே காசு வந்தால், அது அழகான செப்புத்துண்டு, அவ்வளவுதான்.

இனி என் தவறைச் சொல்ல வேண்டும். பத்து வருடம் அந்த முடிச்சுகளிலிருந்து காசு வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் சீட்டைத் தூர எறிந்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டினேன். அரசர் வாரியாகப் பிரித்தேன்: சோழர், நாயக்கர், மைசூர், கம்பெனி. பெருமையாக இருந்தது. மோகனூர்க் காசும் தம்மம்பட்டிக் காசும் கலந்துபோயின. எந்த அரசன் என்பதைக் காசே சொல்லும். எந்த ஊர் என்பதை அந்தச் சீட்டு மட்டும்தான் சொல்லும். சொல்லத் தெரிந்ததைத்தான் நான் எறிந்தேன்.

இன்னொன்று, புளி. அம்மா குடம் தேய்ப்பதைப் பார்த்து நானும் புளியும் உப்பும் போட்டுக் காசைத் தேய்த்தேன். பச்சைக் களிம்பு போய்ச் செக்கச்செவேல் என்று வந்தபோது ஆசையாக இருந்தது. களிம்போடு எழுத்தின் ஓரமும் போயிற்று. மெலிந்துபோன ஒரு பழங்காசில் பல நேரம் உருவம் நிற்பதே அந்தக் களிம்பில்தான். மேல்தோலை உரித்தால் உள்ளே வெறும் செம்பு. சைவ சித்தாந்தம் உயிரோடு ஒட்டிப் பிறந்த ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பை உவமை சொல்லும். நீங்க வேண்டியது என்று அங்கே சொல்கிறார்கள். காசுக்கு அது நீங்கக் கூடாது. வெளிர்பச்சைத் தூளாகப் பூத்து அரிக்கிற களிம்பு மட்டும்தான் நோய். கெட்டியாக, வழவழப்பாக, கரும்பச்சையாகப் படிந்தது அதன் ஆயுள்.

குவியலுக்கு முடிவு எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொண்ணூறுகளில் வரத்து வற்றியது. செம்பு விலை ஏறியது, மூட்டைகள் வந்த வேகத்தில் உலைக்குப் போயின. பெரிய ஊர் வியாபாரிகள் வந்து முடிச்சோடு அள்ளிக்கொண்டு போனார்கள். நல்லதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விற்றார்கள். அதுவரைகூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு வந்ததுதான் விஷம். அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் இருக்கும் செம்பு, கோடிக்கு விலை போகும் என்று ஊர் ஊராக ஆள் திரிந்தான். ரைஸ் புல்லிங் என்ற பேரில் வீடு, நிலம் தொலைத்தவர்கள் எங்கள் பக்கமும் உண்டு. பழைய காசுக்கு லட்சம் என்று கைபேசியில் செய்தி பறந்தது. ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில், தன் பெயரைச் சொல்லிப் பழைய காசு வாங்கி விற்கிறவர்களை நம்ப வேண்டாம் என்று எச்சரிக்க வேண்டியதாயிற்று. இன்றைக்கு ஒரு கிழவி தன் பெட்டியில் இருக்கும் காலணாவை எடுத்துக் காட்டப் பயப்படுகிறாள். பயப்படாதவர் லட்சம் கேட்கிறார்.

கூடவே பொய். மண்ணில் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையது என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம். சட்டத்தின் நோக்கம் சரி. ஆனால் சம்சாரி காதில் விழுந்தது, பிடுங்கிக்கொள்வார்கள் என்ற ஒரு சொல்தான். அதனால் காட்டில் கிடைத்த காசை யாரும் காட்டில் கிடைத்தது என்று சொல்வதில்லை. எல்லாம் தாத்தா வைத்திருந்த காசு. தாத்தா எங்கே வைத்திருந்தார், அவருக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். செவ்வாய்ப்பேட்டைக் கடையில் "எந்தூருங்க?" என்ற கேள்விக்கு ஜனங்கள் உள்ளதைச் சொன்னார்கள். ஏனென்றால் அங்கே காசுக்கு விலை இல்லை, செம்புக்குத்தான் விலை. மதிப்பு ஏறியபோது உண்மை இறங்கிப்போயிற்று.

இப்போது காசுகள் அட்டைச் சட்டத்தில், பிளாஸ்டிக் உறைக்குள், ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கின்றன. அரசன் பெயர் இருக்கும், எடை இருக்கும், விலை இருக்கும். பக்கத்தில் கிடந்த காசு எது என்று இருக்காது. கூட்டத்தில் ஒன்றாக இருந்தபோது ஒரு ஊரின் சந்தையைச் சொன்னது, பிரித்து எடுத்ததும் ஊமையாகிவிட்டது. போலியும் வந்துவிட்டது, சங்க காலக் காசை அச்சில் வார்த்து, களிம்பு ஏற்றி விற்கிறார்கள். வீட்டுப் பாத்திரத்தோடு எடைக்கு வந்த அந்த முடிச்சில் போலி இருக்க வழியே இல்லை. செம்பு விலைக்கு விற்பதற்காக யார் போலி செய்வார்?

கடைக்காரர் காலமான பிறகு ஒருநாள் போனேன். அவர் மகன் மரியாதையாக உட்கார வைத்துக் காபி வாங்கிக் கொடுத்தார். சுவரில் ஆணிகள் இருந்தன, முடிச்சுகள் இல்லை. சிட்டைகளைப் பற்றிக் கேட்டேன். "அப்பா எழுதுன நோட்டுங்களா அண்ணா? மொத்தமா பழைய பேப்பர்காரருக்குப் போட்டாச்சுங்க. அது ஒரு எழுபது கிலோ இருந்துச்சு" என்றார். அவர்மேல் கோபப்பட எனக்கு எந்த உரிமையும் இல்லை. அதே ஊர்பேர்களைச் சீட்டு சீட்டாக எறிந்தவன் நான்.

ஒரே ஒரு முடிச்சு தப்பியிருக்கிறது. 1987இல் வாங்கி வந்த அன்று அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. பிரிக்காமல் தறிக்குழி மாடத்தில் வைத்தேன், அங்கேயே இருந்துவிட்டது. தறியை விற்றபோது தம்பி எடுத்துக் கொடுத்தான். பழைய வேட்டிக் கிழிசல், சணல் கயிறு. உள்ளே சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் அவர் கையெழுத்து: பேளுக்குறிச்சி, செம்பு, 210 கிராம். கொல்லிமலை அடிவாரம்.

வெள்ளைத் துணி விரித்து ஒவ்வொன்றாக வைத்து எண்ணினேன். காலணா பதினொன்று. கம்பெனிக் காசு மூன்று. திப்பு யானை ஒன்பது. கன்னட எண் போட்ட யானை ஆறு. மாடு போட்ட சின்னக் காசு நாலு. ராஜராஜன் ஐந்து. கடைசியில் ஒன்று, சுண்டுவிரல் நகத்தளவு, சதுரமாக, மூலை மழுங்கி, முழுக்கக் களிம்பேறியது. வெயிலில் சாய்த்துப் பிடித்தால் ஒரு பக்கத்தில் யானையின் முதுகு போல ஒரு வளைவு. மறு பக்கத்தில் எதுவும் தெரியவில்லை.

புளி போடவில்லை. எண்ணிய அதே வரிசையில் திரும்ப எடுத்து, அட்டையையும் உள்ளே வைத்து, அதே கயிற்றால் கட்டியிருக்கிறேன்.